மிக்ஸி பழுது பார்ப்பது: ஜாரில் தொடங்கி மோட்டாரில் முடியும் முழு வழிகாட்டி

மிக்ஸி நின்றுபோனதும் அதைக் கவிழ்த்து, அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பிப்பதுதான் புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் செய்வது. ஆனால் நான் பார்த்தவரை வீட்டு மிக்ஸியில் வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் மோட்டாருக்கு வெளியேதான் இருக்கும்: பிளக், சிவப்பு பட்டன், ஜார், கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வைத்த பாகம்; மோட்டார் பக்கம் ஒன்று, ஜாரின் அடியில் ஒன்று). அதனால் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒரு படியில் குறை இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இந்த வரிசையை மாற்றினால், நன்றாக இருக்கும் பாகத்தைக் கழற்றப்போய் உடைப்பதுதான் நடக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் 500 முதல் 750 வாட் வரையிலான, கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு கரித்துண்டு) வைத்த சாதாரண மிக்ஸிக்குப் பொருந்தும். பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டார் மிக்ஸி என்றால் 5-ஆம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு, வேலை முறையே வேறு. வாரண்டி மீதமிருக்கும் மிக்ஸிக்கும் இதே எல்லைதான்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு அளவில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர், பழைய டூத் பிரஷ், நைஸான உப்புத்தாள், பல் குத்தும் குச்சி, தையல் மிஷின் ஆயில். அப்புறம், போட்டோ எடுக்க செல்போன். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. ஏன் என்று 7-ஆம் படியில் தெரியும்.

டெஸ்டர் இருக்கிறதே, மல்டிமீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். கரண்ட் இருக்கிறதா என்பதை மட்டும்தான் டெஸ்டர் காட்டும். ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லாது. மெக்கானிக்குகள் பல்பு வைத்த சீரிஸ் போர்டில் சோதிப்பார்கள். அதில் உயிருள்ள கரண்ட் ஓடுகிறது, பழகாத கைக்கு அது வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரே இந்த வேலைக்குப் போதும்.

உதிரிபாகங்களை முன்கூட்டியே வாங்காதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குக் கப்ளரின் பல் எண்ணிக்கை, உயரம், மரை மூன்றும் வேறாக இருக்கலாம். பழைய பாகத்தைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

2. பிளக்கைப் பிடுங்கி, கண்ணெதிரே வையுங்கள்

சுவரில் சுவிட்சை அணைப்பது போதாது. சில வீடுகளில் ஒயரிங் மாறியிருந்தால், சுவிட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். மிக்ஸிக்குள் கரண்ட் அப்படியே நிற்கும். அதனால் பிளக்கையே பிடுங்கி மேசைமேல் வையுங்கள். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் செருகிவிடாதபடி அது உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

3, 4, 11 ஆகிய படிகளில் மட்டுமே பிளக் செருகும் வேலை வரும். மிக்ஸியைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது என்றால் 3, 4 இரண்டையும் விட்டுவிடுங்கள். பிளக்கைச் செருகவே செருகாமல் 8-ஆம் படியில் உள்ள ஷாக் சோதனைக்குப் போங்கள்.

3. கரண்ட் வருகிறதா, சிவப்பு பட்டன் தட்டியிருக்கிறதா

மிக்ஸி அசையவே இல்லை என்றால் அதே சாக்கெட்டில் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். சாக்கெட் தளர்ந்திருந்தால் செல்போன் சார்ஜர் வேலை செய்யும், மிக்ஸி திணறும். பிளக்கின் பின் கருத்திருந்தாலோ, ஓட்டியதும் பிளக் சுட்டாலோ பழுது சுவரில், மிக்ஸியில் இல்லை.

அடுத்தது, மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்பு (சிலவற்றில் கறுப்பு) பட்டன். அதுதான் ஓவர்லோட் சுவிட்ச். அளவுக்கு மீறிய சுமையில் மோட்டார் கரண்டை அதிகமாக இழுத்தால் இது தட்டிவிட்டு மோட்டாரைக் காப்பாற்றும். இதை அழுத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் குமிழை 0-க்குக் கொண்டு வாருங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், சில நிமிடம் ஆற விடுங்கள், அதன் பிறகு அழுத்துங்கள். குமிழ் 3-இல் இருக்கும்போது அழுத்தினால் மிக்ஸி கையிலேயே சீறிக்கொண்டு கிளம்பும். சூடு ஆறாமல் அழுத்தினால் பட்டன் நிற்காது. உடனே "பட்டன் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஜாரில் பொருள் குறைவாக இருந்தும் பட்டன் அடிக்கடி தட்டினால், எங்கோ இறுக்கம் இருக்கிறது என்று பொருள். பட்டனை ஒதுக்கிவிட்டு நேராக ஒயர் கொடுப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அடுத்த முறை எரிவது மோட்டார்தான்.

4. ஜார் இல்லாமல் ஒரு ஓட்டம்

பழுது ஜாரிலா, மோட்டாரிலா என்பதைப் பத்து நொடியில் சொல்லிவிடும் சோதனை இது. ஜாரை எடுத்துவிட்டு முதல் வேகத்தில் சில நொடி ஓட்டுங்கள். ஜார் பூட்டினால்தான் ஓடும் மாடல் என்றால் காலி ஜாரை வைத்துக்கொள்ளலாம்.

சீராகச் சுற்றினால் மோட்டார் நலம். 5-ஆம் படிக்குப் போங்கள். உர்ரென்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். சுற்றாத மோட்டாரில் கரண்ட் பல மடங்கு ஏறும், காயில் எரிய அதிக நேரம் ஆகாது. இப்படி முனகினாலும், சத்தமே இல்லையென்றாலும் பழுது உள்ளே, 7-ஆம் படியிலிருந்து தொடருங்கள்.

இப்போதே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்ததும் வேகம் குறைந்து நிற்கப்போகும்போது கப்ளர் எந்தப் பக்கம் சுற்றுகிறது? கடிகாரத் திசையா, எதிர்த்திசையா? ஒரு தாளில் எழுதி வையுங்கள். 5, 6, 11 ஆகிய மூன்று படிகளும் இந்த ஒரு குறிப்பை நம்பித்தான் இருக்கின்றன.

5. ஜாரைச் சோதிப்பது

ஜாரைக் கவிழ்த்து அடியில் உள்ள கப்ளரை விரலால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

இறுகிப் போயிருந்தால் காய்ந்த மசாலாவோ துருவோ தண்டைப் பிடித்திருக்கிறது. ஜாரில் வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, அடியில் உள்ள கப்ளரை முன்னும் பின்னும் கையால் அசையுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், தண்டு துளி வளைந்தாலும் அந்த ஜார் இனி அதிர்ந்துகொண்டே இருக்கும்.

பக்கவாட்டில் ஆடினாலோ, அடியில் தண்ணீர் கசிந்தாலோ தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் ஜாரில் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்து, பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பாருங்கள். அரைத்த சட்னியில் கறுப்பு மை போலக் கோடு தெரிந்தால் அது தேய்ந்த உலோகமும் பழைய மசகும்தான். அந்தச் சட்னியைக் கொட்டிவிடுங்கள், ஜாரையும் பயன்படுத்தாதீர்கள். கசிவை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். ஜாரிலிருந்து சொட்டும் தண்ணீர் நேராக மோட்டாரின் தண்டு வழியாக இறங்குகிறது. ஜாரில் விட்ட சின்னப் பழுது, மோட்டார் மாற்றும் செலவாக வளர்வது இப்படித்தான்.

புஷ் மாற்றுவதைக் கடையில் கொடுங்கள். பழையதை நேராக அடித்து எடுத்து, புதியதைச் சாயாமல் இறக்க வேண்டும். அதற்கான கருவி வீட்டில் இருக்காது.

பிளேடையும் ஜாரின் கப்ளரையும் நீங்களே மாற்றலாம். பெரும்பாலான ஜார்களில் மேலே பிளேடும் கீழே கப்ளரும் ஒரே தண்டின் இரு முனைகள். துணி சுற்றிய கையால் பிளேடைப் பிடித்துக்கொண்டு, கீழே உள்ள கப்ளரை மோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். ஓடும்போது மோட்டார் இந்தக் கப்ளரைத் தன் திசையில் தள்ளி இறுக்கிக்கொண்டே இருக்கிறது, அதனால் எதிர்த்திசையில்தான் கழலும். தலைகீழாகப் பிடித்திருக்கும்போது கடிகாரத் திசை மாறித் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். குழப்பமாக இருந்தால் பிளேடின் கூர்முனையைப் பாருங்கள்: கூர்ப்பக்கம் எதை நோக்கியிருக்கிறதோ அதுதான் மோட்டார் சுற்றும் திசை.

கல் உப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும், அவ்வளவுதான். மழுங்கிய பிளேடை மாற்றத்தான் வேண்டும்.

6. மோட்டார் பக்கக் கப்ளரை மாற்றுவது

மோட்டார் ஓடுகிறது, ஜாருக்குள் பிளேடு சுற்றவில்லை அல்லது கடகடவென்று சத்தம் வருகிறது. அப்படியென்றால் கப்ளரின் பற்களைப் பாருங்கள். மழுங்கி உருண்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். பல் பிளாஸ்டிக்கில் இருப்பது குறையல்ல. ஜார் இறுகிப்போனால் மோட்டாருக்குப் பதிலாக அது உடைய வேண்டும் என்பதற்காகவே அப்படி. ஜார் கப்ளரும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதிய பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இந்தக் கப்ளர் மோட்டார் தண்டின் மரையில் ஏறியிருக்கும். கப்ளரை மட்டும் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றும். எனவே அடி மூடியைத் திறந்து தண்டின் கீழ் நுனியைப் பாருங்கள். பல மாடல்களில் தட்டை ஸ்க்ரூடிரைவர் வைக்க அங்கே ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றித் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே கப்ளரை மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள்.

ஜார் கப்ளருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று தோன்றும். இங்கே தள்ளுவது தண்டு, இழுத்துப் பிடிப்பது கப்ளர். ஓட்டத்தில் கப்ளர் எதிர்த்திசையில் இறுகுகிறது, எனவே ஓட்டத் திசையில் கழலும். வலப்பக்கமா இடப்பக்கமா என்று மனப்பாடம் செய்யாதீர்கள், மாடலுக்கு மாடல் அது மாறும். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எந்த மிக்ஸியிலும் தவறாது. புதியவர்கள் அதிகமாகப் பாகங்களை உடைப்பது இந்த இடத்தில்தான்: கழலவில்லை என்று பிளேயரால் முரட்டுத்தனமாகத் திருப்புவார்கள், உண்மையில் இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

தண்டைப் பிடிக்க வழியில்லை என்று மோட்டாரின் அடியில் உள்ள ஃபேனைப் பிடிக்காதீர்கள். அது பிளாஸ்டிக், ஓர் இதழ் உடைந்தால் மோட்டார் அதிர ஆரம்பித்துவிடும்.

கப்ளருக்குக் கீழே ஒரு ரப்பர் வட்டோ வாஷரோ இருக்கும். மேலிருந்து வரும் தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுவது அதன் வேலை. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து வைத்து, அப்படியே திரும்பப் போடுங்கள். "ஒரு பாகம் மிஞ்சிவிட்டது" என்று மேசையில் கிடப்பது பெரும்பாலும் இதுதான்.

7. மோட்டாரை வெளியே எடுப்பது

அடி மூடியின் ஸ்க்ரூக்களில் சில ரப்பர் கால்களுக்குள் ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்றதும் மூடி இலகுவாக வரும். வராவிட்டால் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது, நெம்பாதீர்கள்.

கப்ளரைக் கழற்றாமல் மோட்டார் வெளியே வராது, ஏனெனில் தண்டு உடலின் மேல்துளை வழியாகப் போகிறது. முதலில் 6-ஆம் படி, பிறகு மோட்டாரைத் தாங்கும் ஸ்க்ரூக்கள்.

எந்த ஒயரையும் பிடுங்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். முக்கியமாகக் கார்பன் பிரஷ் இரண்டுக்கும் எந்த ஒயர் போகிறது, சுவிட்சில் எந்தக் காலில் எந்த நிறம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பிரஷ் ஒயர் இரண்டும் இடம் மாறினால் மோட்டார் பின்னோக்கிச் சுற்றும். பின்னோக்கிச் சுற்றினால் 6-ஆம் படியில் சொன்ன அதே காரணத்தால் கப்ளர் ஓட்டத்திலேயே கழன்று பறக்கும்.

8. கரண்ட் போகும் வழியிலேயே சோதியுங்கள்

மிக்ஸிக்குள் கரண்ட் ஒரே வரிசையில் போகிறது: கார்டு, ஓவர்லோட் சுவிட்ச், குமிழ் சுவிட்ச், ஃபீல்டு காயில் (சுற்றாமல் நிற்கும் காயில்), ஒரு பிரஷ், ஆர்மேச்சர் (தண்டோடு சுற்றும் காயில்), மறு பிரஷ், திரும்பக் கார்டு. வரிசையில் முன்பின் மாறியிருக்கலாம், ஆனால் எங்கே அறுந்தாலும் மொத்தமும் நிற்கும்.

பிளக் மேசையில் இருக்கட்டும். குமிழை முதல் வேகத்தில் வைத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் திருப்பி, பிளக்கின் இரண்டு சிறிய பின்களில் வையுங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் பாதை முழுமையாக இருக்கிறது. எதுவும் காட்டவில்லையென்றால் மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொரு பாகத்தின் இரு முனையிலும் வைத்துக்கொண்டே போங்கள்.

கார்டு பெரும்பாலும் பிளக் அருகிலோ, உடலுக்குள் நுழையும் இடத்திலோதான் அறும். மீட்டரை வைத்தபடியே அந்த இடங்களை மடக்கி நிமிர்த்துங்கள். ரீடிங் வந்து வந்து போனால் கார்டை முழுதாக மாற்றுங்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றுவது ஈரமுள்ள சமையலறைக்கு ஆகாது.

ஒரு வேகத்தில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால், முதலில் குமிழ் சுவிட்சின் கால்களைப் பாருங்கள். உருகிய பிளாஸ்டிக்கோ கருத்த காலோ தெரிந்தால் சுவிட்சை மாற்றினால் போதும்.

ஷாக் சோதனை: மீட்டரை மிக அதிக ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் சிறிய பின்களில் ஒவ்வொன்றாகவும், மறுமுனையை மோட்டார் தண்டிலும் வையுங்கள். குமிழ் ஓடும் நிலையில் இருக்கட்டும். எந்த ரீடிங்கும் வரக் கூடாது. வந்தால் ஈரமோ கார்பன் தூளோ எரிந்த காயிலோ உள்ளே கசியவிடுகிறது. சுத்தம் செய்து, நன்கு உலரவைத்து, மறுபடி பாருங்கள்; அப்போதும் வந்தால் கடைக்குத்தான். மூன்று பின் பிளக் உள்ள மிக்ஸியில், தடித்த எர்த் பின்னுக்கும் மோட்டாரின் எர்த் ஒயர் சேரும் இரும்புக்கும் இடையே ரீடிங் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும்.

9. கார்பன் பிரஷ்

விட்டு விட்டு ஓடுவது, வேகம் குறைவது, காற்றுத் துளை வழியே பெரிதாகப் பொறி தெரிவது: மூன்றுக்கும் முதல் சந்தேகம் பிரஷ்மேல்தான். சின்ன நீலப் பொறி இயல்பானது. பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போல ஓடினால் இயல்பல்ல.

பிரஷ் புதியதின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்க அழுத்தமும் ஒத்துப்போகாமல் பொறி அதிகமாகும். பழையதையே திரும்பப் போடுவதானால் எடுத்த பக்கத்திலேயே, எடுத்த வாக்கிலேயே போடுங்கள், அதன் வளைவு அந்த இடத்துக்குப் பழகியது. பிரஷ் தன் கூட்டுக்குள் தடையில்லாமல் வழுக்கி வர வேண்டும். கூட்டில் தூசி அடைத்திருந்தால் புது பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரைத் தொடாது.

கம்யூட்டேட்டரின் செம்புமேல் சாக்லேட் நிறப் படலம் சீராக இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள். பிரஷ் வழுக்கிப் போக உதவுவதே அதுதான். கரடுமுரடாகவோ கறுப்பாகவோ இருந்தால் மட்டும் நைஸான உப்புத்தாளைப் பட்டையாக வெட்டி, அதன்மேல் வைத்தபடி கையால் தண்டைச் சுற்றுங்கள். பிறகு செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள கோடுகளைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். கார்பன் தூளும் செம்புத் தூளும் கரண்டைக் கடத்தும், டூத் பிரஷ்ஷால் முழுவதும் தட்டி எடுக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள்.

10. ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும்

இங்கே உங்கள் வேலை பார்ப்பது மட்டுமே. கம்யூட்டேட்டரில் ஒன்றிரண்டு துண்டுகள் மட்டும் கருகியிருக்கின்றனவா? பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் மீட்டர் வைத்துக்கொண்டே சுற்றி வரும்போது ஓரிடத்தில் மட்டும் ரீடிங் தாவுகிறதா? காயிலின் வார்னிஷ் கறுத்து, கருகல் வாடை வருகிறதா? எது இருந்தாலும் கடைக்குக் கொண்டுபோய், புது ஆர்மேச்சர் விலையையும் முழு மோட்டார் விலையையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டு காயிலும் கருகியிருந்தால் பழைய மோட்டாரில் காசு போடுவது வீண்.

புது மிக்ஸி முதல் சில ஓட்டங்களில் வார்னிஷ் வாடை அடிப்பது வேறு விஷயம். அது தானாக நின்றுவிடும்.

தண்டு கீச்சிட்டால், மேலும் கீழும் அதைத் தாங்கும் புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளித் துணியில் ஓரிரு சொட்டு தையல் மிஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசின் போல இறுகும், வேண்டாம். ஆயில் அதிகமானாலும் கம்யூட்டேட்டரில் வழிந்து பொறியை வரவழைக்கும்.

11. மூட்டுவதும் முதல் ஓட்டமும்

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. போட்டோவைப் பார்த்து ஒயர்கள், மோட்டாரின் ஸ்க்ரூக்கள், ரப்பர் வட்டு, கப்ளர், கடைசியாக அடி மூடி. ஒயர் எதுவும் ஃபேனுக்கு அருகில் தொங்கக் கூடாது. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முறுக்கினால் அது உள்ளே போய்க் காயிலைக் குத்தும்.

செருகும் முன் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஷாக் சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டும் சரியென்றால் ஜார் இல்லாமல் முதல் வேகத்தில் ஒரு நொடி ஓட்டி அணையுங்கள். தாளில் எழுதி வைத்த திசையில்தான் சுற்றுகிறதா? ஆம் என்றால் தொடரலாம். புது பிரஷ் போட்டிருந்தால் சுமை இல்லாமல் முதல் வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். பிரஷ்ஷின் முகம் வளைவுக்குப் பொருந்தியதும் பொறி தானாகக் குறையும். பிறகு ஜாரில் பாதி தண்ணீர் வைத்து மூன்று வேகத்திலும் பாருங்கள். மிளகாயும் தேங்காயும் அதற்கு அப்புறம்.

12. அடிக்கடி பழுதாகாமல் இருக்க

ஜாரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். எப்போதும் 1-இல் தொடங்கி ஏற்றுங்கள். நேராக 3-இல் கெட்டியான பொருளைப் போட்டால் மொத்தச் சுமையும் கப்ளர் பல்லில் விழும். அடியில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள். பல மிக்ஸிகளில் 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்று போட்டிருக்கும். இட்லி மாவு அரைப்பவர்கள் இந்த ஓய்வைக் கொடுத்தே ஆக வேண்டும். சூடான பொருளை மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், ஆறவைத்து அரையுங்கள்.

ஜார் உட்காரும் குழியில் பல மாடல்களில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும். அது மாவு காய்ந்து அடைந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. அடைந்துவிட்டால் தேங்கும் தண்ணீர் மோட்டாருக்குள்தான் போகும். குழியைத் துடைக்கும்போதெல்லாம் குச்சியால் அந்தத் துளையையும் ஒருமுறை குத்திவிடுங்கள்.